பல் ஊசியும் உன் கழுத்துத் தடிப்பும்

கண்ணு, இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். உன் கல்யாணத்தன்று மழை வராது என்று சொன்னேன், வரவில்லை. மாப்பிள்ளை ஓசூர்ப் பக்கம்தான் அமைவார் என்று சொன்னேன், அமைந்தார். உன் கடைவாய்ப் பல் ஒருநாள் ஊரையே ஆட்டிவைக்கும் என்று நீ பாவாடை கட்டின காலத்திலேயே சொன்னேன், ஆட்டிவைத்தது. கடைசியில் அந்த மரத்துப் போகிற ஊசி உன்னை ஒன்றும் செய்யாது என்றும் சொன்னேன். "எப்பங்க சொன்னீங்க?" என்று, நான் வாய்விட்டு எழுதுவது காதில் விழுந்த உன் சித்தி அடுப்படியிலிருந்து கேட்கிறாள். மனசுக்குள் சொன்னேன். மனசுக்குள் சொன்னதும் சொன்னதுதான்.

நேற்றுச் சாயங்காலம் போனில் நீ என்ன கேட்டாய்? "சித்தப்பா, அடுத்த வாரம் பெங்களூர்ல எனக்கு ரப்பர் ஒத்துக்குமான்னு டெஸ்ட் பண்றாங்க. சின்ன வயசுல பல் ஊசி போட்டப்ப என் கழுத்துல தடிப்பு வந்துச்சில்ல, அது எப்படி இருந்துச்சு, எவ்வளவு நேரம் இருந்துச்சுன்னு டாக்டர் கேக்கறாரு. எனக்கு ஞாபகமே இல்ல. பார்த்தவரு நீங்க ஒருத்தர்தான். பார்த்ததைப் பார்த்தபடி எழுதி அனுப்புங்க. வாட்ஸப்புல பேசி அனுப்பாதீங்க, நீங்க நீட்டுவீங்க." எழுதினால் மட்டும் சுருக்கிவிடுவேனா கண்ணு? ஆனாலும் எழுதுகிறேன். இதை நீ ஒளித்து வைத்துப் படிக்க வேண்டியதில்லை. மாப்பிள்ளை படிக்கட்டும், உன் மாமியார் படிக்கட்டும், அந்த டாக்டருக்குத் தமிழ் தெரிந்தால் அவரும் படிக்கட்டும்.

முதலில் உன் புகுந்த வீட்டார் நான் யார் என்று தெரிந்துகொள்ள வேண்டும். நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். விட்டவன் என்று சொல்வது தப்பு, பள்ளிக்கூடம்தான் என்னை விட மனசில்லாமல் விட்டது. ஹெட்மாஸ்டரே எங்கள் ஊட்டு வாசலுக்கு வந்து, "இவன் போயிட்டா கிளாஸ்ல கேள்வி கேக்கறதுக்கே ஆளில்லீங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். உன் அப்பனைக் கேட்டால் கணக்கில் பெயில் என்பான். அண்ணனுக்கு ரசனை கிடையாது. அதற்கப்புறம் இந்த மலையில் ஜீப் ஓட்டி, மஞ்சக்குட்டைக்கும் செம்மநத்தத்துக்கும் ஆள் ஏற்றி இறக்கி உலகத்தைப் படித்துக்கொண்டேன். ஜீப்பில் ஏறுகிறவர்களுக்கு வழியெல்லாம் பேச்சு வேண்டும். பேச்சில்லாத ஜீப்பில் வளைவுக்கு வளைவு வயிற்றைப் புரட்டும், பேச்சிருந்தால் புரட்டாது. இது நானே கண்டுபிடித்த வைத்தியம். எந்த டாக்டரும் இதை மறுத்துச் சொன்னதில்லை, ஏனென்றால் எந்த டாக்டரிடமும் நான் கேட்டதில்லை.

உன்னைப் பெற்றது மாரமங்கலத்தில் காப்பியும் மிளகும் பார்க்கிற என் அண்ணன். மலை மேல் டவுன் பள்ளிக்கூடத்துக்காக நீ எங்கள் ஊட்டுக்கு வந்தபோது உனக்கு ஒன்பது வயது. அண்ணன் மகள் எனக்கும் மகள்தானே, இதில் கேட்க என்ன இருக்கிறது. சித்தி கருப்பட்டியை எந்த டப்பாவில் ஒளித்தாலும் நீ மோப்பம் பிடித்துவிடுவாய். வந்த வருஷமே பல் சொத்தை. சேலத்துக்குப் பல் டாக்டரிடம் உன்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பின அன்றைக்கு நான் இரண்டு பெரிய காரியம் செய்தேன். முதல் காரியம், உன்னைப் பட்டினி போட்டது. சித்தி தட்டில் இட்லியோடு வந்தாள். "ஊசி போடறதுக்கு முன்னாடி சாப்பிடக் கூடாது. வயித்துல இட்லி இருந்தா மருந்தெல்லாம் இட்லிக்குப் போயிரும்" என்று நான் சட்டம் பேசினேன். எப்போதோ ஒரு ஆபரேஷன் கேஸை ஜீப்பில் கொண்டுபோனபோது காதில் விழுந்ததை, உலகத்தில் உள்ள எல்லா ஊசிக்கும் நானாக நீட்டிவிட்டேன்.

இரண்டாவது காரியம், மலை இறங்கும்போது உனக்குத் தைரியம் சொன்னது. "சித்தப்பா, ஊசி பெருசா இருக்குமா?" என்று கேட்டாய். "பெருசெல்லாம் இல்ல கண்ணு. நம்ம ஜீப்புக்கு கிரீஸ் அடிக்கற கன் இருக்குதில்ல? அதுல பாதிதான்" என்றேன். பாதி என்று குறைத்துச் சொன்னதே உனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான். அதற்கப்புறம் அடிவாரம் வரைக்கும் நீ வாயே திறக்கவில்லை. பிள்ளைக்குத் தைரியம் வந்துவிட்டது என்று நினைத்து நான் ஹாரன் அடித்துக்கொண்டே இறங்கினேன்.

டாக்டர் நல்ல மனுஷர். ஈறில் ஊசியைப் போட்டு எடுத்தார், எடுத்த கொஞ்ச நேரத்தில் நீ, "சித்தப்பா, நெஞ்சு டமடமன்னு அடிக்குது" என்றாய்.  அப்படியே தலை ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. கண்ணு, மலையில் பிரேக் பிடிக்காத ஜீப்பைக் கல்லில் மோதி நிறுத்தியவன் நான், அன்றைக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். டாக்டர் பதறவில்லை. நாற்காலியை ஒரு மிதி மிதித்துப் படுக்கையாக்கினார், உன் காலைத் தூக்கி வைத்தார், நாடி பார்த்தார். சீக்கிரமே நீ கண்ணைத் திறந்து, "பல்லைப் புடுங்கியாச்சா?" என்று கேட்டாய். "பயந்துட்டா. காலைல சாப்பிட்டாளா?" என்றார் அவர். நான் கூரையைப் பார்த்தேன். "இன்னைக்கு வேண்டாம். நல்லா சாப்பிட வெச்சு இன்னொரு நாள் கூட்டிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார். நாம் திரும்பிப் போகவே இல்லை. அது பால் பல், தானாக ஆடி விழுந்தது. தடிப்புக்கு வருகிறேன் கண்ணு, அவசரப்படாதே.

காலி ஜீப்பை மேலே ஓட்டிக்கொண்டு போக எனக்கு மனசு வராது என்று உனக்குத் தெரியும். அடிவாரத்தில் நின்றவர்களை ஏற்றிக்கொண்டேன். முன்னால் உன் பக்கத்தில் கொய்யாக் கூடையோடு ஒரு அக்கா. பின்னால் எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டர் ஒருவர், இன்னும் கொஞ்சம் பேர்.

"ஏனுங்க, பாப்பா ஏன் இப்படித் தொவண்டு கெடக்குது?" என்று கேட்டாள் அந்த அக்கா.

"பல்லுக்கு ஊசி போட்டதுங்க்கா. மயக்கம் வந்துருச்சு."

பின்னாலிருந்து ரைட்டர் சிரித்தார். "ஊசிக்கா மயக்கம்? மாரமங்கலத்துப் புள்ளைய தேனீ கொட்டுனாலும் அசையாதுன்னு சொல்லுவாங்க. இது ஊசியப் பார்த்தே படுத்துக்கிச்சாக்கும்!" ஜீப் முழுக்கச் சிரிப்பு.

"பயமா? எங்க புள்ளைக்கா? மருந்துதானுங்க ஒத்துக்கல. குத்தி எடுக்கல, அதுக்குள்ள கழுத்தெல்லாம் தடிப்புத் தடிப்பா எந்திரிச்சுருச்சுங்க" என்றேன் நான்.

"அய்யோ சாமி!" என்று அந்த அக்கா கூடையை விட்டுவிட்டு உன்னை அணைத்துக்கொண்டாள்.

அப்புறம் என்ன. அடுத்த வளைவில் உதடு வீங்கியது. அதற்கடுத்த வளைவில் மூச்சு இழுத்தது. பாதி மலையில் டாக்டர் கையை விரித்தார். மேலே நம்ம ஊர் ஏரி கண்ணுக்குத் தெரிகிற நேரத்தில் நான் நாலு மிளகைக் கடித்து உன் மூக்கில் ஊதி உயிரைத் திருப்பிக் கொண்டுவந்திருந்தேன். ரைட்டர் இறங்கும்போது, "நொம்பத் தைரியமான புள்ளைங்க" என்றார். அந்த அக்கா உன் மடியில் பெரிய கொய்யாவாகப் பார்த்து வைத்துவிட்டு, நெட்டி முறித்துவிட்டுப் போனாள்.

ஜீப்பில் பேசினது ஜீப்போடு நிற்குமா? சீக்கிரமே நீ ஊருக்கெல்லாம் "ஊசி ஒத்துக்காத புள்ள" ஆகிவிட்டாய். உன் பள்ளிக்கூடத்தில் பல் முகாம் போட்டார்கள். வரிசையில் நீ நிற்பது தெரிந்து, ஏற்றின ஆட்களை நடுவழியில் இறக்கிவிட்டு ஓடி வந்தேன். "டாக்டரம்மா, அந்த ஊசிய மட்டும் கீழ வைங்க!" என்று நான் கத்தின கத்தலில் முகாமே எழுந்து நின்றது. உன்னைக் காப்பாற்றிவிட்டேன் என்று மார் தட்டிக்கொண்டு வந்தேன். காப்பாற்றின லட்சணம், அதற்கப்புறம் உன் பல்லைக் குடைந்து அடைத்ததெல்லாம் மரத்துப் போகாமலேதான். நீ சித்தி கையைப் பிடித்திருந்த பிடியில் அவள் வளையல் நெளிந்துவிட்டது. ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை நீ. இதை நான் எத்தனை பேரிடம் பெருமையாகச் சொல்லியிருப்பேன்! இப்போது ஒரு புத்தி சொல்கிறேன், கேட்டுக்கொள். வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்வது ஒரு பெருமையே இல்லை. புகுந்த ஊட்டில் தலை வலித்தால் வலிக்கிறது என்று சொல்லு. பசித்தால் பசிக்கிறது என்று சொல்லு. மாப்பிள்ளைக்கும் இதேதான்.

அந்த மாப்பிள்ளையைத்தான் சொல்ல வேண்டும். பத்திரிகையெல்லாம் கொடுத்து முடித்த சமயம் பார்த்து உன் கடைசிக் கடைவாய்ப் பல் கிளம்பி, ஒரு கன்னம் பன்னு மாதிரி வீங்கினபோது நான் பதறிப் போனேன். அவர் போனில் என்ன சொன்னார்? "போட்டோவுல அந்தக் கன்னத்துப் பக்கம் நான் நின்னு மறைச்சுக்கறேன் மாமா, நீங்க கவலைப்படாதீங்க." அன்றைக்கே இந்தக் கல்யாணம் நன்றாக இருக்கும் என்று நான் சொன்னேன். இது நிஜமாகவே வாய்விட்டுச் சொன்னது, சித்தி சாட்சி.

சேலத்தில் நாம் போன பல் டாக்டர் ஒரு பெண், உன்னைவிட இரண்டு வயது மூத்திருந்தால் அதிகம். பல்லை எடுத்தே ஆக வேண்டும், ஊசி போட்டுத்தான் எடுக்க முடியும் என்றாள்.

"எனக்கு ஊசி ஆகாதுங்க டாக்டர். சின்ன வயசுல செத்துப் பொழைச்சிருக்கேன்" என்றாய் நீ.

"யார் சொன்னாங்க?"

"எல்லாருமே சொல்வாங்க."

அந்தப் பெண் கையிலிருந்த ஊசியைத் தட்டில் வைத்தாள். "நீங்க சொல்றதை அப்படியே நம்பவும் மாட்டேன், ஒண்ணும் ஆகாதுன்னு துணிஞ்சு போடவும் மாட்டேன். வீக்கம் குறைய மாத்திரை தர்றேன். அலர்ஜி டெஸ்ட் பண்ணிட்டு வாங்க, அப்புறம் பேசலாம்" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. வெளியே வந்து, "இந்தக் காலத்துப் புள்ளைங்களுக்குப் பெரியவங்க பேச்சுல நம்பிக்கையே இல்ல" என்றேன். "உங்க பேச்சுலயா?" என்று சித்தி கேட்டாள், அவ்வளவுதான் கேட்டாள்.

சேலத்திலேயே டெஸ்ட் பண்ணின பெரிய ஆஸ்பத்திரியில், டாக்டர் வயசானவர், அவசரமே இல்லாத மனுஷர். என்ன நடந்தது என்று கேட்டார். நீ ஒப்பித்தாய். உதடு, மூச்சு, டாக்டர் கை விரித்தது, மிளகு என்று வளைவு வளைவாக ஒரு வார்த்தை பிசகாமல் ஒப்பித்தாய். எனக்கு வேர்த்தது.

"இதுல உனக்கே ஞாபகம் இருக்கறது எதும்மா?" என்றார்.

நீ யோசித்தாய். "நெஞ்சு அடிச்சது சார். கண்ணு இருட்டுனது. அப்புறம் கொய்யாப்பழம்."

"உதடு வீங்கினது?"

நான் குறுக்கே விழுந்து, "அது கொஞ்சம் முன்னப்பின்ன இருக்குமுங்க" என்றேன். மூச்சையும் மிளகையும்கூட நானே வாபஸ் வாங்கிக்கொண்டேன். டாக்டர் சிரிக்கவில்லை.

"தடிப்பு?"

"சித்தப்பா பார்த்தாருங்க" என்றாய். உன் குரலில் அவ்வளவு நம்பிக்கை. டாக்டர் என் பக்கம் திரும்பினார். "நீங்க கண்ணால பார்த்தீங்களா?"

"பார்த்தேனுங்க" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு ஆரம்பித்தார். பக்கத்தில் ஏதாவது ஆனால் கொடுக்க வேண்டிய மருந்தெல்லாம் தயாராக இருந்தது. உன் முன்னங்கையில் ஒரு சொட்டு மருந்தை வைத்து லேசாகக் கீறினார். காத்திருந்தோம். ஒன்றும் இல்லை. தோலுக்கடியில் துளி ஏற்றினார். மறுபடி காத்திருந்தோம். ஒன்றும் இல்லை. கொஞ்சம் கூட்டினார், இன்னும் கொஞ்சம் கூட்டினார். நீ என் ஆள்காட்டி விரலை முறுக்கின முறுக்கில் இன்றைக்கும் கியர் போட்டால் வலிக்கிறது. நான் உன் கையை முறைத்துப் பார்த்த பார்வைக்கு, தடிப்பு வருவதாக இருந்தாலும் பயந்து திரும்பிப் போயிருக்கும். கடைசியில் டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இந்த மருந்து உனக்கு நல்லாவே ஒத்துக்குதும்மா" என்றார்.

"அப்போ இத்தனை வருஷம்?" என்று கேட்டாய். சிரிக்கிறாயா அழுகிறாயா என்று எனக்குத் தெரியவில்லை.

"உன்னை மாதிரி நிறையப் பேர் வர்றாங்க. பயத்துலயும் பசியிலயும் மயக்கம் வரும். அந்த ஊசி மருந்தோட சேர்க்கற இன்னொரு மருந்து நெஞ்சைப் படபடன்னு அடிக்க வைக்கும். அதை அலர்ஜின்னு நினைச்சுக்குவாங்க. நிஜமான அலர்ஜி நொம்ப அபூர்வம். ஆனா அபூர்வமா இருந்தாலும் இருக்கு, அதனாலதான் பார்த்துடறோம்." அங்கேயே நிறுத்தியிருக்கலாம் அவர். நிறுத்தவில்லை. "ஆனா தடிப்பு வந்ததை உங்க சித்தப்பா பார்த்திருக்காரே. பயத்துல தடிப்பு வராது. ஊசி இல்லேன்னா வேற ஏதோ பட்டிருக்கு. ஒருவேளை அந்த டாக்டர் போட்டிருந்த ரப்பர் கிளவுஸா இருக்கலாம். அதையும் பார்த்துக்கங்க. அதுவரைக்கும் ரப்பர் பக்கம் ஜாக்கிரதை."

ரப்பர் இல்லாத கிளவுஸ் போட்டு, ஊசி போட்டு, அந்தப் பெண் டாக்டர் பல்லை எடுத்துவிட்டாள். நீ பாதி வாய் மரத்துப் போய் வெளியே வந்து, "சிப்பப்பா, வழிக்கவே இப்ல!" என்று கைதட்டினாயே, அங்கே உட்கார்ந்திருந்த பல்வலிக்காரர்கள் எல்லாம் சிரித்துவிட்டார்கள். வலியில்லாமல் பல் எடுப்பது என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் என் மகள் பார்த்தாள். மலை ஏறும்போது நான் பாடினேன். எதிரே வந்த பஸ்காரன் வண்டியை நிறுத்திக் கேட்டுவிட்டுப் போனான். சரி, வளைவுக்காகத்தான் நிறுத்தினான் என்று வைத்துக்கொள்.

கல்யாணத்தில் நீ முறுக்கைக் கடக்கென்று கடித்த சத்தம் நாதஸ்வரத்தை மீறிக் கேட்டது. உன் அப்பன், ஆயுசில் சிரிக்காத என் அண்ணன், பந்தியில் நின்று சிரித்தான். எல்லாம் நிறைவு. ஒன்றைத் தவிர. மண்டப வாசலில் கட்டியிருந்த பலூன் தோரணத்தைப் பார்த்ததும் உன் முகம் மாறிப்போய் அவிழ்க்கச் சொன்னாய். மாப்பிள்ளையின் அக்கா பிள்ளை ஒரு பலூனை எப்படியோ தப்பவைத்து, அதோடு மேடைக்கு ஓடி வந்தது. நீ பட்டுப் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றாய். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அந்த ஒரு தடவை சிரிப்பு வரவில்லை.

நேற்று நீ போனை வைத்ததும் உன் சித்தி அரிசி களைவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "ஏனுங்க, நெசமாவே பார்த்தீங்களா?" நான் ஜீப்பைக் கழுவப் போகிறேன் என்று எழுந்து போனேன். மத்தியானம் பெய்த மழையில் ஜீப் பளபளவென்று இருந்தது. கழுவ ஒன்றும் இல்லாமல் திரும்பி வந்து, இன்றைக்கு விடிந்ததும் இந்தக் காகிதத்தை எடுத்தேன்.

கண்ணு, ஹெட்மாஸ்டர் அழுததையும் பஸ்காரன் பாட்டுக் கேட்டதையும் நீ எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள். இது டாக்டர் கேட்கிற கேள்வி. உன் உடம்பில் கை வைக்கப் போகிறவர் கேட்கிற கேள்வி. ரைட்டர் சிரித்தாரே, ஜீப்பே சிரித்ததே, அப்போது நீ தலையைக் குனிந்து ரிப்பன் நுனியைக் கடித்துக்கொண்டாய். எனக்குப் பொறுக்கவில்லை. என் பிள்ளை பயந்த பிள்ளையாக இருக்க வேண்டாம், மருந்து ஒத்துக்காத பிள்ளையாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று ஒரு தடிப்பை எடுத்து உன் கழுத்தில் வைத்தேன். நீ நிமிர்ந்து உட்கார்ந்தாய். நிமிர்ந்ததைப் பார்த்த சந்தோஷத்தில் இன்னும் நாலு வைத்தேன். அப்புறம் சொல்லிச் சொல்லி, சேலத்தில் அந்த டாக்டர் கேட்டபோது அது என் கண்ணுக்கே தெரிந்தது. உன் கையில் மருந்து ஏற்றினபோது, நான் வைத்த தடிப்பை நானே தேடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இதைப் பெங்களூர் டாக்டருக்கு அப்படியே படித்துக் காட்டு. ரப்பர் டெஸ்ட் வேண்டுமா வேண்டாமா என்று அவர் சொல்லட்டும், நீயாக எதையும் முடிவு பண்ணாதே. என்மேல் கோபம் வந்தால் போன் பண்ணித் திட்டு. சித்தி கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டுக்கொள்கிறேன், அவளுக்கும் நொம்ப நாள் ஆசை.

நீ கேட்டபடி, அன்றைக்கு நான் கண்ணால் பார்த்தது இவ்வளவுதான். முகம் வெளுத்திருந்தது. உதடும் வெளுத்திருந்தது, வீங்கவில்லை. கழுத்தில் வேர்வையில் கரைந்த பவுடரும் ஒரு கறுப்புக் கயிறும் இருந்தன. தடிப்பு ஒன்றுகூட இல்லை.